விண்டோஸ் மேல் எக்ஸ்: கறுப்புக் கன்சோல் சாளரச் சிக்கல்களைத் தீர்க்க முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் கணினியில் லினக்ஸ் நிரல் ஒன்றைத் திறக்கக் குறுக்குவழியைச் சொடுக்குகிறீர்கள். நிரலுக்கு முன்பாக ஒரு கறுப்புச் சாளரம் வந்து நிற்கிறது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. தேவையற்றது என்று மூடினால் பின்னால் வந்த நிரலும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. இன்னொருவருக்குக் கறுப்புச் சாளரம் ஒரு கணம் மின்னி மறைவதோடு சரி, நிரல் வருவதே இல்லை. வேறொருவருக்கு எக்ஸ்டெர்ம் என்னும் முனைய நிரல் வருகிறது. ஆனால் தலைப்பட்டை இல்லாததால் அதை நகர்த்த முடியவில்லை. பார்வைக்கு வெவ்வேறு கோளாறுகள்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கேள்வியிலிருந்து தொடங்கித் தீர்க்கலாம்: திரையில் இருக்கும் இந்தச் சாளரம் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு, கண்ட இடத்தில் கிடைத்த வரிகளையெல்லாம் அமைப்புக் கோப்புகளில் ஒட்டுவதால்தான் எளிய கோளாறு கடினமானதாகிறது. எனவே இந்த வழிகாட்டியில் முதலில் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்போம், பிறகு கையை வைப்போம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் வசதி) வழியாக உபுண்டு போன்ற லினக்ஸை இயக்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிக்கும் விதத்திலேயே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் சிறிய எழுத்துதான்.

ஒரு திரை, மூன்று சொந்தக்காரர்கள்

லினக்ஸ் போன்ற அமைப்புகளில் நிரல்களின் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சாளர அமைப்பு 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவானது. இன்று நாம் பயன்படுத்தும் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. அதன் அடிப்படை ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை. திரையும் விசைப்பலகையும் சுட்டியும் எங்கே இருக்கின்றனவோ அங்கே எக்ஸ் சர்வர் ஓடும். எக்ஸ்டெர்ம் போன்ற நிரல்கள் அதற்கு வாடிக்கையாளர்கள். அவை வேறு கணினியில் இருந்தாலும் வலைவழியாக வந்து ‘எனக்கொரு சாளரம் திற’ என்று சர்வரிடம் கேட்கும். வலைத்தளங்களின் சர்வரையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: நம் நிலையில் சர்வர் விண்டோஸ் பக்கம் இருக்கிறது, வாடிக்கையாளர் லினக்ஸ் பக்கம் இருக்கிறது.

விண்டோஸ் பக்கம் அந்தச் சர்வர் வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, விசிஎக்ஸ்சர்வ் அல்லது சிக்வின்/எக்ஸ் போன்ற தனி எக்ஸ் சர்வரை நீங்களே நிறுவுவது. மற்றொன்று, மைக்ரோசாஃப்டே தரும் டபிள்யூஎஸ்எல்ஜி. இது 2021இல் விண்டோஸ் 11உடன் வந்தது. இப்போது விண்டோஸ் 10இலும் ஸ்டோர் பதிப்பின் வழியாகக் கிடைக்கிறது. இதில் அடுக்குகள் அதிகம். எக்ஸ் நிரல் எக்ஸ்வேலாண்டிடம் பேசுகிறது. எக்ஸ்வேலாண்ட், வெஸ்டன் என்னும் வேலாண்ட் தொகுப்பியிடம் பேசுகிறது. வேலாண்ட் என்பது எக்ஸுக்குப் பின் வந்த சாளர முறை; அதில் சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரைக்குத் தருவது தொகுப்பி. வெஸ்டன் ஒவ்வொரு சாளரத்தையும் தொலைத்திரை நெறிமுறையான ஆர்டிபி வழியாக விண்டோஸுக்கு அனுப்புகிறது. அதாவது எக்ஸ் வேலாண்டின் மேல் ஓடுகிறது, அந்த வேலாண்ட் விண்டோஸ் மேல் ஓடுகிறது.

இனி அந்தக் கறுப்புச் சாளரம். அது எக்ஸ் உடையதும் அல்ல, லினக்ஸ் உடையதும் அல்ல. முழுக்க விண்டோஸ் உடையது. விண்டோஸில் ஒவ்வொரு நிரல் கோப்பின் தலைப்பகுதியிலும் ‘நான் கன்சோல் நிரலா, சாளர நிரலா’ என்று ஒரு குறிப்பு இருக்கும். எழுத்து வழியாக மட்டும் பேசும் நிரலுக்கான சாளரமே கன்சோல். கன்சோல் நிரல் என்று குறிக்கப்பட்ட ஒன்றை ஸ்டார்ட் மெனுவிலிருந்தோ குறுக்குவழியிலிருந்தோ தொடங்கினால், அதற்கு ஏற்கெனவே கன்சோல் இல்லாததால் விண்டோஸ் தானாகவே ஒன்றைத் திறந்து தரும். ‘டபிள்யூஎஸ்எல்’ கட்டளை அப்படிக் குறிக்கப்பட்ட கன்சோல் நிரல். லினக்ஸ் பக்கம் எக்ஸ்டெர்ம் ஓடும் வரை அது காத்திருக்கும். அது காத்திருக்கும் வரை கறுப்புச் சாளரமும் நிற்கும். அதை மூடினால் விண்டோஸ் அந்த நிரலுக்கு மூடும் அறிவிப்பை அனுப்புகிறது, லினக்ஸ் பக்கத்து முனையமும் அறுபடுகிறது, அதைப் பற்றிக்கொண்டிருந்த எக்ஸ்டெர்மும் போய்விடுகிறது. இதில் பழுது எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் அதனதன் விதிப்படியே நடக்கிறது.

ஆகவே திரையில் தெரியக்கூடியவை மூன்று வகை: விண்டோஸின் கன்சோல் சாளரம், எக்ஸ் சர்வரின் சொந்தச் சாளரம், எக்ஸ் நிரலின் சாளரம். சந்தேகம் வந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்தச் சாளரத்தின் பெயர் மீது வலப்பக்கம் சொடுக்கி ‘விவரங்களுக்குச் செல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கன்ஹோஸ்ட், விண்டோஸ் டெர்மினல், டபிள்யூஎஸ்எல் என்ற பெயர்கள் தெரிந்தால் அது விண்டோஸின் கன்சோல். விசிஎக்ஸ்சர்வ் என்றிருந்தால் எக்ஸ் பக்கத்தது. எம்எஸ்ஆர்டிசி என்றிருந்தால் டபிள்யூஎஸ்எல்ஜி வழியாக வந்த லினக்ஸ் சாளரம்.

படி 1: நீங்கள் எந்தப் பாதையில் இருக்கிறீர்கள்?

பவர்ஷெல்லைத் திறந்து ‘டபிள்யூஎஸ்எல் -எல் -வி’ என்று தட்டுங்கள். நிறுவியுள்ள ஒவ்வொரு லினக்ஸின் பெயருக்கும் எதிரே 1 அல்லது 2 என்று பதிப்பு எண் தெரியும். பதிப்பு 1 என்றால் டபிள்யூஎஸ்எல்ஜி வேலை செய்யாது. தனி எக்ஸ் சர்வர்தான் வழி. பதிப்பு 2 என்றால் அடுத்து ‘டபிள்யூஎஸ்எல் --வெர்ஷன்’ கொடுங்கள். பட்டியலில் டபிள்யூஎஸ்எல்ஜி என்று ஒரு வரி இருந்தால் அது உங்கள் கணினியில் இருக்கிறது. அந்தக் கட்டளையையே கணினி ஏற்காவிட்டால் உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு. ‘டபிள்யூஎஸ்எல் --அப்டேட்’ கொடுத்துப் புதுப்பியுங்கள்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் டபிள்யூஎஸ்எல்ஜியையே பயன்படுத்துங்கள். சர்வர், ஃபயர்வால், முகவரி என்று பாதித் தொல்லை அதில் இல்லை. முழு லினக்ஸ் மேசைத்திரையை ஒரே பெரிய சாளரத்தில் பார்க்க வேண்டும், பதிப்பு 1ஐ விட முடியாத நிலை, அலுவலகக் கணினியில் புதுப்பிப்புக்கு அனுமதி இல்லை என்ற காரணங்கள் இருந்தால் விசிஎக்ஸ்சர்வ் இன்னமும் நல்ல தேர்வுதான். இரண்டையும் கலக்க மட்டும் கூடாது. கலந்தால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த படி.

படி 2: பழைய வரிகளை அப்புறப்படுத்துங்கள்

எக்ஸ் நிரல் தன் சர்வர் எங்கே இருக்கிறது என்பதை ‘டிஸ்ப்ளே’ என்னும் சூழல் மாறியிலிருந்துதான் அறிகிறது. மாறியின் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். டபிள்யூஎஸ்எல்ஜி இருந்தால் அதன் மதிப்பு வெறும் :0 என்று தானாகவே அமைந்துவிடும். நீங்கள் எதையும் செய்யத் தேவையில்லை.

ஆனால் 2021க்கு முன் எழுதப்பட்ட குறிப்புகள் எல்லாம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் தொடங்கும்போது வாசிக்கும் ‘.பாஷ்ஆர்சி’ கோப்பின் இறுதியில் டிஸ்ப்ளே மதிப்பை எழுதச் சொல்லும். முன்பு எப்போதோ ஒட்டிய அந்த வரி அப்படியே கிடக்கும். பிறகு விண்டோஸ் 11க்கு மாறியிருப்பீர்கள், டபிள்யூஎஸ்எல்ஜியும் வந்திருக்கும். ஆனால் ஷெல் திறக்கும் ஒவ்வொரு முறையும் பழைய வரி புதிய மதிப்பை அழித்துவிட்டு, இப்போது இல்லாத ஒரு சர்வரை நோக்கி நிரல்களை அனுப்பும். நான் பார்த்தவரை டபிள்யூஎஸ்எல்ஜியில் சாளரம் வரவில்லை என்ற புகாருக்கு மிக அடிக்கடி நேரும் காரணம் இதுதான்.

‘எக்கோ’ கட்டளையால் டிஸ்ப்ளே மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். டபிள்யூஎஸ்எல்ஜியில் :0 தவிர வேறு எதுவும் வந்தால், வீட்டுக் கோப்புறையில் உள்ள ‘.பாஷ்ஆர்சி’, ‘.புரொஃபைல்’, ‘.பாஷ்_புரொஃபைல்’ ஆகிய கோப்புகளில் டிஸ்ப்ளே என்ற சொல்லைத் தேடி, அந்த வரியின் முன் # குறியிட்டு முடக்குங்கள். இசட்ஷெல் பயன்படுத்துபவர்கள் ‘.இசட்எஸ்எச்ஆர்சி’யையும் பார்க்க வேண்டும். பிறகு முனையத்தை மூடித் திறந்து மீண்டும் அச்சிடுங்கள்.

மதிப்பு சரியாக :0 என்று இருந்தும் நிரல் திறக்கவில்லையா? ‘/டிஎம்பி’ கோப்புறைக்குள் ‘.எக்ஸ்11-யூனிக்ஸ்’ என்ற உறுப்பைப் பாருங்கள். :0 என்றால் நிரல் அதனுள் இருக்கும் எக்ஸ்0 என்னும் சாக்கெட்டைத்தான் (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு முனை) தேடும். உண்மையான சாக்கெட் ‘/எம்என்டி/டபிள்யூஎஸ்எல்ஜி’ கோப்புறைக்குள் இருக்கிறது. ‘/டிஎம்பி’யில் இருப்பது அதற்கான இணைப்பு மட்டுமே. தொடக்கப் பணிகளையும் சேவைகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியை இயக்கியிருக்கும் லினக்ஸில், தொடக்கத்தில் தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் பணி அந்த இணைப்பையும் சேர்த்துத் துடைத்துவிடுவது உண்டு. அப்படிக் காணாமல் போயிருந்தால் நிர்வாகி உரிமையுடன் ‘எல்என் -எஸ்’ கட்டளையால் ‘/எம்என்டி/டபிள்யூஎஸ்எல்ஜி/.எக்ஸ்11-யூனிக்ஸ்’ இலிருந்து ‘/டிஎம்பி/.எக்ஸ்11-யூனிக்ஸ்’க்கு இணைப்பை மறுபடி உருவாக்குங்கள். அங்கே வெறும் கோப்புறையாக ஒன்று உருவாகியிருந்தால், அதை நீக்கிய பிறகே இணைப்பு ஏற்கப்படும்.

படி 3: பிழைச் செய்தியைக் கடைசி எழுத்து வரை வாசியுங்கள்

குறுக்குவழியை மறந்துவிடுங்கள். உபுண்டு முனையத்தைத் திறந்து, அதில் ‘எக்ஸ்டெர்ம்’ என்று நீங்களே தட்டுங்கள். குறுக்குவழியில் மின்னி மறைந்த செய்தி இங்கே நிலைத்து நிற்கும். ‘திரையைத் திறக்க முடியவில்லை’ என்ற பொருள்படும் வரி வந்தால், அதன் இறுதியில் ‘:’ குறிக்குப் பின் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அங்கே எதுவுமே இல்லை என்றால் டிஸ்ப்ளே மாறி அமைக்கப்படவில்லை. சர்வரைக் குறைசொல்ல இடமில்லை. நிரல் அதைத் தேடிப் போகவே இல்லை. அங்கே ஒரு முகவரி இருந்தால், நிரல் போயிருக்கிறது, கதவு திறக்கவில்லை. இந்த இரண்டாம் நிலையில் நேரத்தைக் கவனியுங்கள். செய்தி உடனே வந்தால், போன இடத்தில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை: விசிஎக்ஸ்சர்வ் ஓடவில்லை, அல்லது முகவரி தவறு. நெடுநேரம் உறைந்து நின்ற பிறகு வந்தால், ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தால், தேவையில்லாத இடத்தில் தோண்டும் வேலை மிச்சம்.

மூன்றாவதாக ஒரு செய்தி உண்டு: அங்கீகாரம் தேவை, அங்கீகார நெறிமுறை குறிப்பிடப்படவில்லை என்பது. கதவு திறந்திருக்கிறது, காவலாளி உள்ளே விடவில்லை என்று இதற்குப் பொருள். வலையில் பிழை இல்லை. சர்வரின் அனுமதி அமைப்பைப் பார்க்க வேண்டும்.

டபிள்யூஎஸ்எல்ஜி பயன்படுத்துபவர்கள் இத்துடன் படி 5க்குத் தாவலாம்.

படி 4: விசிஎக்ஸ்சர்வ், முகவரி, ஃபயர்வால்

பதிப்பு 1இல் லினக்ஸும் விண்டோஸும் ஒரே வலையைப் பகிர்ந்துகொள்கின்றன. டிஸ்ப்ளே மதிப்பாக ‘லோக்கல்ஹோஸ்ட்:0’ என்று கொடுத்தால் போதும். பதிப்பு 2இல் லினக்ஸ் தனி மெய்நிகர் கணினிக்குள் இருக்கிறது. அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த மெய்நிகர் கணினியே; விண்டோஸ் அல்ல. எனவே விண்டோஸின் முகவரி தேவை.

பழைய குறிப்புகள் அந்த முகவரியை ‘/இடிசி/ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பின் பெயர்ச் சேவையக வரியிலிருந்து எடுக்கச் சொல்லும். அந்த வழியை இனி நம்பாதீர்கள். புதிய பதிப்புகளில் பெயர்த் தேடல் வேறு வழியாக நடப்பதால் அந்த வரியில் 10.255.255.254 என்ற முகவரி இருக்கும். எக்ஸ் சர்வர் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக ‘ஐபி ரூட்’ என்று தட்டுங்கள். ‘டிஃபால்ட் வியா’ என்று தொடங்கும் வரியில், அடுத்து வரும் முகவரிதான் விண்டோஸ். பெரும்பாலும் 172 என்று தொடங்கும். அதனுடன் :0 சேர்த்து டிஸ்ப்ளேக்குக் கொடுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்தால் இந்த முகவரி மாறக்கூடும். ஆகவே எண்ணை எழுதி வைக்காமல், அந்த வரியிலிருந்து முகவரியைப் பிரித்தெடுக்கும் சிறு கட்டளையாகவே கோப்பில் வையுங்கள். விண்டோஸ் 11இன் 22எச்2 முதலான பதிப்புகளில், ‘.டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்’ கோப்பில் வலை முறையை ‘மிரர்டு’ என்று மாற்றினால் 127.0.0.1 வழியாகவே விண்டோஸை அடையலாம். முகவரித் தேடலே வேண்டாம்.

முகவரி சரி என்றால் கதவைத் தட்டிப் பாருங்கள். எக்ஸ் சர்வரின் 0ஆம் திரை 6000ஆம் போர்ட்டில் கேட்கும், 1ஆம் திரை 6001இல் கேட்கும். ‘என்சி -இசட்வி’ என்று தட்டி, அதன்பின் முகவரியையும் 6000 என்ற எண்ணையும் கொடுங்கள். இணைந்தது என்று வந்தால் வலை சரி. சிக்வின்/எக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: அது இயல்பாக வலைவழி இணைப்புகளைக் கேட்பதில்லை, தொடங்கும்போதே ‘-லிசன் டிசிபி’ என்று சேர்க்க வேண்டும்.

ஃபயர்வால் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. விசிஎக்ஸ்சர்வ் முதன்முறை ஓடும்போது, தனியார் வலை, பொது வலை இரண்டில் எதற்கு அனுமதி என்று விண்டோஸ் கேட்கும். பாதுகாப்பு எண்ணத்தில் தனியார் வலைக்கு மட்டும் பலரும் குறியிடுகிறார்கள். டபிள்யூஎஸ்எல்லின் மெய்நிகர் வலையை விண்டோஸ் பொது வலையாகக் கருதுகிறது. குறியிடாமல் விட்டதற்கு வெறும் அனுமதியின்மை என்று பொருளல்ல. ‘தடு’ என்ற விதியே எழுதப்படுகிறது. தடை விதி அனுமதி விதியை வெல்லும். எனவே பின்னர் எத்தனை அனுமதி விதிகளைச் சேர்த்தாலும் பயன் இருக்காது. விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்புகளில் உள்வரும் விதிகளைத் திறந்து, விசிஎக்ஸ்சர்வ் பெயரில் சிவப்புத் தடைக் குறியுடன் இருப்பவற்றை முதலில் நீக்குங்கள்.

அதன்பின் எழுதும் அனுமதி விதியை எல்லோருக்குமாகத் திறந்துவிடாதீர்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். ‘அணுகல் கட்டுப்பாட்டை முடக்கு’ என்ற பெட்டியை, விசிஎக்ஸ்சர்வைத் தொடங்கும் எக்ஸ்லாஞ்சில் குறியிட்டு, ஃபயர்வாலையும் பொது வலைக்குத் திறந்துவிட்டால், ரயில் நிலையத்திலோ விடுதியிலோ அதே வைஃபையில் இருக்கும் எவரும் உங்கள் திரையோடு இணைந்து, நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் படிக்க முடியும். கடவுச்சொல்லும் அதில் அடக்கம். விதியின் ‘எல்லை’ தாவலில், தொலைமுகவரியாக 172.16.0.0/12 என்று மட்டும் கொடுங்கள். டபிள்யூஎஸ்எல் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் முகவரிகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கும். ‘ஐபி ரூட்’ காட்டிய முகவரி இதற்கு வெளியே இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: சாளரம் வந்து உடனே மறைகிறதா?

எக்ஸ்டெர்ம் தன்னுள் ஒரு ஷெல்லை இயக்குகிறது. ஷெல் முடிந்தால் சாளரமும் மூடும். ஆகவே எக்ஸ்டெர்ம் தோன்றி மறைந்தால் எக்ஸ் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி கொள்ளுங்கள்; உள்ளே ஷெல்தான் விழுகிறது. ‘எக்ஸ்டெர்ம் -ஹோல்ட்’ என்று இயக்கினால் ஷெல் முடிந்த பிறகும் சாளரம் நிற்கும், கடைசியில் என்ன சொல்லிவிட்டு விழுந்தது என்பதை வாசிக்கலாம். நீக்கப்பட்ட ஷெல் இன்னும் இயல்பு ஷெல்லாகப் பதிவாகியிருப்பது, தொடக்கக் கோப்பில் ‘எக்சிட்’ என்று ஒரு வரி இருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

விண்டோஸின் கறுப்புச் சாளரம் மட்டும் மின்னி, எக்ஸ்டெர்ம் தோன்றவே இல்லை என்றால் கதை வேறு. கட்டளையின் இறுதியில் & குறியிட்டுப் பின்னணிக்கு அனுப்பும் பழக்கத்தைக் குறுக்குவழியிலும் சிலர் வைத்துக்கொள்கிறார்கள். ஷெல் நிரலைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டுத் தானும் உடனே முடிகிறது, கன்சோல் மூடுகிறது, நிரல் சாளரம் வரைவதற்குள் அதன் அடித்தளம் போய்விடுகிறது. குறுக்குவழியில் & போடாதீர்கள். கன்சோலைக் கொல்ல வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் வைத்தால் போதும்.

படி 6: கறுப்புச் சாளரத்தை முறையாக மறைப்பது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கன்சோலை மறைத்துவிட்டால் பிழைச் செய்தியும் மறைந்துவிடும். நிரல் முனையத்தில் தட்டினால் பிழையின்றித் திறக்கிறது என்று உறுதியான பிறகே இந்தப் படிக்கு வாருங்கள்.

டபிள்யூஎஸ்எல்ஜி பயனர்களுக்கு வேலை எளிது. நிறுவிய லினக்ஸ் நிரல்கள் ஸ்டார்ட் மெனுவில் அந்த லினக்ஸின் பெயரிலுள்ள கோப்புறையில் தாமாகவே தோன்றும். அவற்றில் ஒன்றின் கோப்பு இடத்தைத் திறந்து, பண்புகளில் இலக்கு வரியைப் பாருங்கள். அங்கே டபிள்யூஎஸ்எல் இருக்காது. ‘டபிள்யூஎஸ்எல்ஜி’ என்று தனி நிரல் இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்பவைதான். ஆனால் இது தன் தலைப்பில் சாளர நிரல் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதனால் விண்டோஸ் கன்சோலைத் திறந்து தருவதில்லை. உங்கள் சொந்தக் குறுக்குவழியிலும் இதையே பின்பற்றுங்கள்: இலக்கில் டபிள்யூஎஸ்எல்ஜியின் முழுப் பாதை, அடுத்து ‘-டி’, லினக்ஸின் பெயர், பிறகு இடைவெளிவிட்டு இரண்டு கோடுகள், அதன்பின் நிரலின் பெயர். கறுப்புச் சாளரம் இனி வராது.

தனி எக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் ‘டபிள்யூஸ்கிரிப்ட்’ நிரலின் உதவியை நாடலாம். அதுவும் சாளர நிரல் என்றே குறிக்கப்பட்டது. அதன் இரட்டையான ‘சிஸ்கிரிப்ட்’ கன்சோல் நிரல். அதை எடுத்தால் மீண்டும் கறுப்புச் சாளரம்தான். ஒரு சிறு ஸ்கிரிப்ட் கோப்பில் ‘டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல்’ பொருளை உருவாக்கி, அதன் ‘ரன்’ செயலுக்கு முதல் மதிப்பாக உங்கள் டபிள்யூஎஸ்எல் கட்டளையையும் இரண்டாம் மதிப்பாக 0 என்ற எண்ணையும் கொடுங்கள். இந்த 0 தான் ‘சாளரத்தைக் காட்டாதே’ என்ற ஆணை. கன்சோல் இருக்கும், காத்திருக்கும், கண்ணில் படாது. இதைப் பலரும் விபிஸ்கிரிப்டில் எழுதினார்கள். அதைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்துவிட்டது. எனவே புதிதாக எழுதுபவர்கள் ஜேஸ்கிரிப்டில் எழுதுங்கள். பொருளும் செயலும் அவையேதான்.

இங்கே ஒரு கண்ணியை எல்லோரும் மிதிக்கிறார்கள். முனையத்தில் தட்டினால் திறக்கும் நிரல், மறைவான குறுக்குவழியில் திறக்காது. காரணம், டிஸ்ப்ளே மதிப்பை ‘.பாஷ்ஆர்சி’யில் வைத்திருப்பார்கள். உபுண்டுவின் அந்தக் கோப்பைத் திறந்தால், மேலேயே ‘உரையாடும் ஷெல் இல்லையென்றால் இத்துடன் திரும்பிப் போ’ என்று சில வரிகள் இருக்கும். குறுக்குவழியிலிருந்து வரும் ஷெல் உரையாடும் ஷெல் அல்ல. அது மேல்வரியிலேயே திரும்பிவிடுகிறது. அடியில் இருக்கும் உங்கள் டிஸ்ப்ளே வரியை எட்டுவதே இல்லை. தீர்வு: அந்த வரியை ‘.புரொஃபைல்’ கோப்புக்கு மாற்றுங்கள். குறுக்குவழியில் நிரலை நேராக அழைக்காமல் ‘பாஷ் -எல்சி’ என்று தொடங்கி, மேற்கோளுக்குள் நிரலின் பெயரைக் கொடுங்கள். அதிலுள்ள ‘எல்’ உள்நுழைவு ஷெல்லைக் குறிக்கும், ‘.பாஷ்_புரொஃபைல்’ போன்ற கோப்பு இல்லாதபோது அது ‘.புரொஃபைல்’ கோப்பை வாசிக்கும். மேற்கோளுக்குள்ளேயே பிழைச் செய்திகளை ‘/டிஎம்பி’யில் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால், என்றாவது திறக்காதபோது எங்கே பார்ப்பது என்ற தவிப்பு இருக்காது.

பழைய குறிப்புகளில் ‘எக்ஸ்டெர்ம் -சி’ என்ற தேர்வைக் கன்சோல் சிக்கலுக்கு மருந்தாகப் பார்ப்பீர்கள். அங்கே சி பெரிய எழுத்து. இயந்திரத்தின் கன்சோலுக்கு வரும் கணினிச் செய்திகள் வரைகலைத் திரையின் மேல் கிறுக்காமல், ஒரு சாளரத்துக்குள் வந்து விழுவதற்காக யூனிக்ஸ் பணிநிலையங்களில் பயன்பட்ட தேர்வு அது. விண்டோஸின் கறுப்புச் சாளரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கெர்னல் செய்திகள் வேண்டுமென்றால் ‘டிமெசேஜ்’ என்று வாசிக்கும் ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளை இருக்கிறது.

சாளரம் வந்த பிறகு வரும் சிக்கல்கள்

தலைப்பட்டை இல்லாத எக்ஸ்டெர்ம், திரையின் இடது மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு, சுட்டி அதன் மேல் இருந்தால் மட்டும் எழுத்தை ஏற்கிறதா? எக்ஸ்லாஞ்சில் ‘ஒரே பெரிய சாளரம்’ முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எக்ஸ் சர்வர் சட்டமும் தலைப்பட்டையும் வரைவதில்லை. அது சாளர மேலாளரின் வேலை. ‘பல சாளரங்கள்’ முறைக்கு மாறுங்கள், விண்டோஸே சட்டமிடும். பெரிய சாளரம்தான் வேண்டுமென்றால் உள்ளே ஓப்பன்பாக்ஸ் போன்ற சிறு மேலாளரை இயக்குங்கள். பல சாளரங்கள் முறையில் அதை இயக்கினால், ஏற்கெனவே ஒரு மேலாளர் இருக்கிறது என்று சொல்லி விலகிவிடும். அது பிழையல்ல.

எழுத்து மங்கலாக இருந்தால், விசிஎக்ஸ்சர்வ் நிரல் கோப்பின் பண்புகளில் பொருந்துதன்மைத் தாவலுக்குப் போய், உயர் டிபிஐ அளவிடலை ‘பயன்பாடு’ என்று மாற்றுங்கள். எழுத்து கூர்மையாகும், ஆனால் சிறுத்துவிடும். எக்ஸ்டெர்மில் கன்ட்ரோலை அழுத்தியபடி வலப்பக்கம் சொடுக்கினால் எழுத்தளவுப் பட்டியல் வரும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ‘-எஃப்ஏ’ தேர்வில் எழுத்துருவின் பெயரையும் ‘-எஃப்எஸ்’ தேர்வில் அளவையும் கொடுங்கள்.

எக்ஸ்டெர்மில் தேர்ந்தெடுத்த உரை விண்டோஸில் ஒட்டவில்லை என்றால், எக்ஸில் இரண்டு நகல் இடங்கள் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். சுட்டியால் தேர்ந்தெடுத்தது ‘பிரைமரி’ என்னும் இடத்துக்குப் போகிறது. விண்டோஸ் பார்ப்பது ‘கிளிப்போர்டு’ என்னும் இடத்தை. எக்ஸ்டெர்மின் ‘செலக்ட்-டு-கிளிப்போர்டு’ அமைப்பை ‘.எக்ஸ்ரிசோர்சஸ்’ கோப்பில் இயக்கினால் இரண்டும் ஒன்றாகும். அந்த அமைப்பின் பெயரில் சொற்களுக்கு இடையே கோடு கிடையாது. சேர்த்தெழுதி, இரண்டாம் மூன்றாம் சொற்களின் முதலெழுத்தைப் பெரிதாக்க வேண்டும்.

தமிழ்க் கோப்புப் பெயர்களைப் பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. லோகித் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவி, மொழிச் சூழல் யூடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் எக்ஸ்டெர்மில் எழுத்துரு வந்தாலும் கெ, கை, கொ ஆகியவை உடைந்தே தெரியும். யூனிகோடில் முதலில் ககரமும் அடுத்து உயிர்க்குறியும் சேமிக்கப்படுகின்றன. ஒற்றைக்கொம்பை முன்னே நகர்த்தி வரைவது எழுத்தமைப்பு இயந்திரத்தின் வேலை. எக்ஸ்டெர்ம் அப்படி எதையும் செய்யாமல், வந்த வரிசையிலேயே ஒவ்வொரு குறியையும் தன் கட்டத்தில் வைக்கிறது. எந்த அமைப்பை மாற்றியும் இதைச் சரிசெய்ய முடியாது. இந்திய எழுத்துகளையும் கையாளும் எம்எல்டெர்மையோ கன்சோலையோ பயன்படுத்துங்கள். இங்கே நான் சொல்லும் கன்சோல், கேடிஇ மேசைத்திரையின் முனைய நிரல்.

டபிள்யூஎஸ்எல்ஜியில் பணிப்பட்டையில் சின்னம் மட்டும் தெரிந்து, சாளரம் வெறுமையாக நின்றால், முதலில் வெளித்திரையைக் கழற்றினீர்களா என்று யோசியுங்கள். விண்டோஸ் விசையுடன் ஷிஃப்டும் பக்க அம்புக்குறியும் அழுத்தினால், வேறு திரையில் சிக்கிய சாளரம் திரும்பி வரும். வரவில்லை என்றால் ‘/எம்என்டி/டபிள்யூஎஸ்எல்ஜி’ கோப்புறையில் உள்ள வெஸ்டன் பதிவுக் கோப்பின் இறுதி வரிகளைப் பாருங்கள். பிறகு பவர்ஷெல்லில் ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

கடைசியாக, மடிக்கணினி உறங்கி எழுந்ததும் எக்ஸ்டெர்ம்கள் எல்லாம் காணாமல் போவது. பதிப்பு 2இல் விசிஎக்ஸ்சர்வ் பயன்படுத்தும்போது ஒவ்வொரு சாளரமும் ஒரு வலை இணைப்பு. உறக்கத்தில் அது அறுந்தால் எக்ஸ்டெர்ம் முடிகிறது, உள்ளே ஓடிய வேலையும் முடிகிறது. நீண்டநேர வேலைகளை டிமக்ஸுக்குள் தொடங்குங்கள். சாளரம் போனாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்; புதிய எக்ஸ்டெர்மில் ‘டிமக்ஸ் அட்டாச்’ என்று தட்டினால் விட்ட இடத்துக்கே திரும்பலாம். ஷட்டவுன் கட்டளைக்கு மட்டும் இது பொருந்தாது. அது மெய்நிகர் கணினியையே, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா லினக்ஸ்களோடும் சேர்த்து நிறுத்துகிறது, டிமக்ஸும் அதனுடன் போகிறது. எனவே அதைக் கொடுக்கும் முன் ‘டபிள்யூஎஸ்எல் -எல் --ரன்னிங்’ என்று தட்டி, வேறெந்த லினக்ஸில் வேலை நடக்கிறது என்று பார்த்து, சேமிக்க வேண்டியதைச் சேமித்துவிடுங்கள்.